வளையம் இல்லாத புள்ளி

நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மஞ்சள் தோட்டங்களில் கூலிக்குப் போகிற பெண்களில் கந்தம்மாக்காவை மட்டும் வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள். களை எடுப்பதில் அவர் வேகமானவர் இல்லை. ஆனால் அவர் போய்வந்த பாத்தியை இன்னொருவர் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்காது. குருத்தைத் துளைத்த புழுவின் ஊசித் துவாரம், இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் செதில் பூச்சி, அடித்தண்டில் லேசாக மாறிய நிறம், எல்லாம் நடந்துகொண்டே அவர் கண்ணில் பட்டுவிடும். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் மாரியப்பன் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டு ஆண்டுக்கு இரண்டு முறை ஊர் திரும்புவார். ஒரே மகள் தீபிகாவைக் காவிரிக் கரையில் பூலாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

நான் சேலம் சூரமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். எங்கள் தெருவில் இருந்த ரயில்வேக்காரர் ஒருவரின் மகள் பிரவீனா. பயிர் நோய்களைப் பற்றிப் படித்துவிட்டு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இரண்டு வருடம், அநேகமாக வாரம் தவறாமல், அவரை நாமகிரிப்பேட்டைக்கு அழைத்துப் போய் வந்தேன். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதியைக் கந்தம்மாக்காவே பின்னாளில் என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

ஆராய்ச்சி நடந்தது மயில்சாமி என்பவரின் தோட்டத்தில். நாலு ஏக்கரும் மஞ்சள். வேலைக்கு வருகிறவர்கள் அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முந்தைய மூன்று வருடமும் இலைப்புள்ளி நோய் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டிருந்தது. புரட்டாசியில் இலையில் புள்ளி விழும். பழுப்பு நிறம், நடுவில் சாம்பல், சுற்றிலும் ஒரு மஞ்சள் வளையம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடி, இலை தீயில் காட்டினதுபோலக் கருகித் தொங்கும். இலை போனால் கிழங்கு பருக்காது. கடையில் கொடுத்த மருந்துகளை எல்லாம் மாற்றி மாற்றி அடித்தார். முதல் வருடம் கேட்ட மருந்து இரண்டாம் வருடம் கேட்கவில்லை.

பிரவீனா கொண்டுவந்த மருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. செடிகள் தங்கள் விதையைப் பூஞ்சாணத்திடமிருந்து காத்துக்கொள்ள ஒருவகைப் புரதத் துணுக்கை உண்டாக்கிக்கொள்கின்றனவாம். பெப்டைடு என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்து ஆராய்ச்சிக்கூடத்தில் செய்தது இது. பூஞ்சாணத்தின் மேல்தோலில் போய் ஒட்டி, ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை வெளியே கசியவிட்டுக் கொன்றுவிடும். மண்ணில் விழுந்தால் சில நாளில் மக்கிப் போகும். கடை மருந்துபோல நெடி கிடையாது. வெயில் பட்டால் வீரியம் குறையும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் அடிப்பார்கள். தோட்டத்தில் அதற்கு ஐஸ் மருந்து என்று பெயர் விழுந்துவிட்டது.

அரை ஏக்கரை இருபத்து நாலு துண்டாகப் பிரித்துக் கொடி நட்டார்கள். நீலக் கொடிக்கு ஐஸ் மருந்து. வெள்ளைக் கொடிக்குக் கடை மருந்து. சிவப்புக் கொடிக்கு வெறும் தண்ணீர். எந்தக் கொடிக்கு எது என்று எண்ணுகிற ஆளுக்குத் தெரியக்கூடாது என்பது முறை. ஆனால் மருந்து அடிப்பதற்கும் எண்ணுவதற்கும் கந்தம்மாக்கா ஒருவர்தான் இருந்தார். அதனால் பிரவீனா அவரிடம் தெரிந்ததை மறந்துவிட்டு எண்ணச் சொன்னார். வாரம் இரண்டு நாள் ஒவ்வொரு துண்டிலும் பத்துச் செடி, செடிக்கு மேலிருந்து மூன்றாவது இலை. அதில் எத்தனை புள்ளி என்று நோட்டில் குறிக்க வேண்டும்.

முதல் நாளே பிரவீனா இன்னொன்றையும் சொல்லியிருந்தார். அதை அக்கா என்னிடம் வார்த்தை மாறாமல் சொன்னார்.

“கலக்குன அளவு கலக்குனபடியே அடிக்கணும்க்கா. மிச்சம் இருந்தா சுண்ணாம்புக் குழியில ஊத்திடுங்க. தண்ணி சேத்து இளக்கிட்டா பூஞ்சாணம் முழுசா சாகாது. சாகாம தப்பிச்சது மருந்துக்குப் பழகிக்கும். பழகினது பெருகுச்சுன்னா அப்புறம் நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல.”

புரட்டாசி பிறந்தது. சிவப்புக் கொடிகளில் புள்ளி விழுந்தது. இலைக்கு நாற்பது, ஐம்பது. வெள்ளைக் கொடிகளில் பதினைந்து, இருபது. நீலக் கொடிகளில் ஒன்றுமில்லை. அக்கா நம்பாமல் இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. வரிசையாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டே போகும்போது, தானே ஏதோ பொய் எழுதுவதுபோலக் கை கூசியதாம்.

செய்தி பரவியது. ஆயில்பட்டியிலிருந்து, ராசிபுரத்திலிருந்து, ஆத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் பைக்கில் வந்து வரப்பில் நின்று பார்த்தார்கள். நீலக் கொடிப் பாத்திகள் வாழைக்கன்று மாதிரி இலை விரித்து நின்றன. அதை ஒட்டி மயில்சாமியின் மீதி மூன்றரை ஏக்கர். அங்கே புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் இதையும் பார்ப்பார்கள், அதையும் பார்ப்பார்கள், பிறகு மயில்சாமியின் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு சாயங்காலம் பிரவீனா கிளம்பிப் போன பிறகு மயில்சாமி வாய்க்கால் ஓரம் வந்து நின்றார். அக்கா மிச்ச மருந்தைக் குழிக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

“ஏம்மா கந்தம்மா, நல்ல மருந்தைக் கொண்டுபோயி மண்ணுல ஊத்தறயே. அக்கட்டால என் மூணரை ஏக்கருல செடி சாவறது உன் கண்ணுக்குத் தெரியலையா?”

அக்கா நின்றார். பிரவீனா சொன்னதைச் சொன்னார். மயில்சாமி சண்டை போடவில்லை, அதட்டவும் இல்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டு இந்த ஓரத்துக்கு மட்டும் அடி, ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு அது தேவலை அல்லவா என்று தணிந்த குரலில் கேட்டார். பதினெட்டு வருடமாக அக்கா அந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். தீபிகாவின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது அந்தக் களத்தில்தான். அவர் பாத்திரத்தை இறக்கி வைத்தார். ஒரு டேங்கு மருந்து நாலு டேங்கு ஆனது.

ஒருநாள் என்று ஆரம்பித்தது ஏழு வாரம் நடந்தது. முதல் இரண்டு வாரம் அந்த ஓரத்தில் புள்ளி குறைந்தது. மயில்சாமி சிரித்தார். மூன்றாவது வாரம் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. அதற்கப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் தூறியது.

மழை விட்ட அன்று காலையில் அக்கா எண்ணப் போனார். பதினேழாம் துண்டு, நீலக் கொடி. அந்த இளக்கிய மருந்து அடித்த ஓரத்தை ஒட்டியிருந்தது அதுதான். மூன்றாவது செடியில் ஒரு புள்ளி. அக்கா குனிந்து பார்த்தார். பழுப்பு இருந்தது, நடுவில் சாம்பல் இருந்தது, ஆனால் சுற்றி மஞ்சள் வளையம் இல்லை. அதற்குப் பதிலாக ஓரம் வெந்நீர் பட்டதுபோல ஈரமாக இருந்தது. நோட்டில் ஒன்று என்று எழுதினார். நான்கு நாள் கழித்து அதே இலையில் பதினொன்று. அடுத்த வாரம் எண்ணி முடிக்க முடியாத அளவு. பதினாறாம் துண்டிலும் வந்திருந்தது.

“வீட்டுக்குப் போனா சோத்துல, செவுத்துல எங்க பாத்தாலும் அந்தப் புள்ளி தெரியும் சாமி,” என்றார் என்னிடம். “யாருகிட்டயும் சொல்லோணும்னு தோணல. எழுதுனேன். எழுதுனதை அவங்க பாத்துக்கட்டும்னு உட்டுட்டேன்.”

பிரவீனா நோட்டைப் பார்த்தார். அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. இலைகளைக் காகித உறையில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, நேரே சேலத்துக்கு வண்டியை விடச் சொன்னார். மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். அக்காவை மட்டும் கிணற்றடிக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் வண்டியில் இருந்தேன், கண்ணாடி இறக்கியிருந்தது.

அந்தப் பூஞ்சாணம் மருந்தால் சாகவில்லை என்றார். மருந்து மேலே படுவதற்கு முன்பே ஏதோ ஒரு நொதியைக் கக்கி அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடுகிறதாம். அது மட்டுமில்லை. எந்தக் கடை மருந்தும் அதற்கு முன்போலக் கேட்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் தட்டில் வைத்து வளர்த்தபோது பழைய பூஞ்சாணத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது.

“கந்தம்மாக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இங்க யாராவது மருந்துல தண்ணி கலந்து அடிச்சாங்களா?”

அக்கா கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க அம்மிணி.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“மிச்சத்தைக் குழியிலதான் ஊத்தினனுங்க.”

பிரவீனா தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு மயில்சாமியையும் கூப்பிட்டு, இந்த வருடம் இந்தத் தோட்டத்துக் கிழங்கு ஒன்றுகூட விதைக்குப் போகக்கூடாது, எல்லாவற்றையும் வேகவைத்துவிட வேண்டும், தழையை வெட்டின இடத்திலேயே எரித்துவிட வேண்டும் என்றார். கிழங்கின் செதிலுக்குள் பூஞ்சாணம் பதுங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கொதிக்கிற தண்ணீரில் மட்டும்தான் சாகும் என்று இரண்டு தடவை சொன்னார். மயில்சாமி சரிங்க சரிங்க என்றார்.

தை கடைசியில் வெட்டினார்கள். நீலக் கொடித் துண்டுகளிலும் அந்த ஓரத்திலும் நோய் பிந்தி வந்ததால் விளைச்சலை அது தொடவில்லை. அப்படி ஒரு கிழங்கை அந்த மண்ணில் யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு விரலும் கட்டை விரல் தடிமன். ஒடித்தால் உள்ளே செஞ்சாந்து நிறம். வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் விதை கேட்டு வந்தார்கள். பாதியைக் கொப்பரையில் போட்டு வேகவைத்த மயில்சாமி, மறு பாதியைத் தென்னை நிழலில் குவித்துத் தழை மூடி வைத்தார். பிரவீனா வந்தபோது வெந்த மஞ்சள் களத்தில் காய்வதைக் காட்டினார்கள். தென்னை மரம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது.

விதைக் கிழங்கைப் பொறுக்கிக் கொடுத்தது கந்தம்மாக்கா. யார் யார் எத்தனை மூட்டை எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தப்பு என்று தெரியாமல் இல்லை. ஆனால் கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒரு மறுவும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. ஊசித் துவாரத்தை நடந்துகொண்டே பார்க்கிற கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை என்றால் அதில் என்னதான் இருந்துவிட முடியும்? அந்தப் பெண் படித்தவள், பயந்த சுபாவம், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மயில்சாமி அவருக்கும் இரண்டு மூட்டை கொடுத்தார். மருமகன் கோகுல்ராஜ் அந்த வருடம்தான் முதல்முறையாகக் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தார். அக்கா ஒவ்வொரு விரலையும் முந்தானையில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மூட்டை கட்டி, எடப்பாடி பஸ்ஸில் தானே ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

வைகாசியில் நட்டார்கள். ஆடிப்பெருக்குக்கு அக்கா போனபோது பயிர் முழங்கால் உயரம், பச்சை வழிந்தது. தீபிகாவுக்கு எட்டாம் மாசம். கோகுல்ராஜ் மாமியாரை வரப்பில் நிற்க வைத்துப் படம் பிடித்தார். அக்கா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாராம்.

ஆவணி கடைசியில் காவிரிப் பக்கம் நல்ல மழை. மகளைப் பார்க்க மறுபடி போனார். காலையில் எழுந்ததும் தோட்டத்துக்குப் போனார். வாசலைத் தாண்டி பத்து அடி வைப்பதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு செடியில் மட்டுமில்லை. அங்கொன்று இங்கொன்றாக, தோட்டம் முழுக்க. பழுப்பு, நடுவில் சாம்பல், ஓரத்தில் ஈரம். மஞ்சள் வளையம் எதிலும் இல்லை. பழைய பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தார். ஒரு வரிசை முடிவதற்குள் நிறுத்திவிட்டார்.

கோகுல்ராஜிடம் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடச் சொன்னார். அவர் சிரித்தார். நாலு புள்ளிக்கு யாராவது பயிரைப் பிடுங்குவார்களா, மருந்து வாங்கி வந்திருக்கிறேன், நாளைக்கு அடிக்கிறேன் என்றார். அந்த மருந்து கேட்காது என்று அக்கா சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மருமகன் கேட்டார். தீபிகா வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா தோட்டத்துக்கு வெளியே வந்து, காவிரிக்கரைப் படித்துறையில் உட்கார்ந்து, போனை எடுத்து பிரவீனாவைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, நான் பொய் சொல்லிட்டனுங்க.”

மறுநாள் காலையில் பிரவீனாவும் நானும் பூலாம்பட்டியில் இருந்தோம். அக்கா எதையும் மறைக்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் பாத்திரத்தை இறக்கி வைத்ததிலிருந்து மூட்டை கட்டினது வரை சொன்னார். கோகுல்ராஜ் கேட்டுக்கொண்டே நின்றார். பாதியில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினார். கையால் பிடுங்க ஆரம்பித்தார். சாயங்காலம் வரை எரிந்தது. பச்சைத் தழை ஆனதால் தீ பிடிக்காமல் புகைந்துகொண்டே இருந்தது. தீபிகாவை அந்தப் புகை படாமல் பக்கத்து வீட்டில் உட்கார வைத்தார்கள். அவள் அம்மாவிடம் அன்றைக்குப் பேசவில்லை. அதற்கப்புறமும் வெகுநாள் பேசவில்லை.

பிரவீனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா சொன்னார். விதை எங்கெங்கே போனது என்று மட்டும்தான் பிரவீனா கேட்டார். அக்காவுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஆள், ஊர், எத்தனை மூட்டை. வண்டியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல பிரவீனா எழுதினார். பத்தொன்பது தோட்டம்.

அடுத்த இரண்டு வாரம் நாங்கள் மூன்று பேரும் அலைந்தோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் அக்காதான் முதலில் இறங்குவார். ஒரு தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் செருப்பையும் கைகால்களையும் மருந்துத் தண்ணீரில் கழுவச் சொல்வார் பிரவீனா. என் வண்டிச் சக்கரத்துக்கும் அதே தண்ணீர். பத்தொன்பதில் பதினாறில் வந்திருந்தது. ஆறு பேர் சொன்னவுடன் பிடுங்கினார்கள். மூன்று பேர் அரைகுறையாகப் பிடுங்கினார்கள். மீதிப் பேர் கேட்கவில்லை. ஒருவர் இது மருந்துக் கம்பெனிக்காரன் வேலை என்று எங்களை வரப்பிலேயே மறித்தார். ஆயில்பட்டியில் வேலுசாமி என்று ஒரு பெரியவர், தான் ஏற்கெனவே பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அந்த விதையில் பாதியைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். 

மயில்சாமி எங்களைப் பார்க்க வெளியே வரவில்லை. அவர் வீட்டுக்காரம்மா மட்டும் வந்து, அவருக்கு உடம்பு சரியில்லை என்றார். தோட்டத்தில் மஞ்சள் கருகிக் கிடந்தது. மழை பெய்திருந்தும் அந்த இடத்தில் ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். அந்த அம்மா அக்காவைப் பார்த்து, இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். அக்கா, சரிங்க என்றார். அப்புறம் ஊரில் வேறு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. போர்வெல் வண்டியிலிருந்து போனில் கூப்பிட்ட கணவரிடம், பிரவீனாவோடு எண்ணுகிற வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். பிரவீனா ஆராய்ச்சிக்கூடத்தில் பேசி அவரைச் சேர்த்துக்கொண்டார். ஐஸ் மருந்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேறு வடிவத்தில் செய்து பார்க்கிறார்களாம், இரண்டு மூன்று துணுக்கைச் சேர்த்து, பூஞ்சாணம் ஒன்றை வெட்டினாலும் இன்னொன்று நிற்கும்படியாக. எத்தனை வருடம் ஆகும் என்று அவர்களுக்கே தெரியாதாம். 

பட்டியலில் கடைசித் தோட்டம் ஆத்தூருக்குக் கிழக்கே இருந்தது. அங்கே பயிர் சுத்தமாக இருந்தது. ரொம்ப நாளுக்கப்புறம் வண்டியில் ஒரு சின்னப் பேச்சு நடந்தது. அக்கா, அப்போதுதான் பிறந்திருந்த தன் பேத்திக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். இலக்கியா என்று, அதையும் மருமகன் போனில்தான் சொன்னாராம். திரும்பி வரும் வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் தோட்டம். கால் ஏக்கர்கூட இருக்காது. ஒரு பெண்மணி அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா டம்ளரோடு எழுந்து போனார். வேலி ஓரத்தில் நின்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். போனவர் திரும்பி வரவில்லை. பிரவீனா போனார். அப்புறம் நானும் போனேன்.

நான் அதற்குள் பார்க்கப் பழகியிருந்தேன். ஈரமான ஓரம். வளையம் இல்லை.

புல் அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பெயர் சாரதாமணி என்று பிறகு சொன்னார். எதற்காக வந்திருக்கிறோம் என்று கேட்டார். பிரவீனா விதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

“வாங்கலம்மா. எங்க வீட்டு விதைதான். பத்து வருஷமா நாங்க வெளியில இருந்து எதுவும் வாங்கினதில்ல.”

நாமகிரிப்பேட்டையிலிருந்து யாராவது வந்தார்களா, யாராவது கிழங்கு கொடுத்தார்களா, மூட்டை இறக்கினார்களா என்று பிரவீனா விதவிதமாகக் கேட்டுப் பார்த்தார். இல்லை, இல்லை, இல்லை. அந்தத் தோட்டத்துக்கும் எங்கள் பட்டியலில் நோய் வந்திருந்த தோட்டங்களுக்கும் நடுவில் மலையும், பத்துப் பன்னிரண்டு ஊர்களும் இருந்தன. அந்த விதை வராமலேயே அது வந்திருந்தது, எப்போது வந்தது என்றும் தெரியாது. அக்கா ஒரு செடியின் அருகே குந்தியிருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

“உங்க விதையை நீங்க வேற யாருக்காவது குடுத்தீங்களாங்க?” என்று அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார்.

சாரதாமணி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். போன பங்குனியில் கொடுத்தோமே என்றார். மூன்று ஊர்களின் பெயரைச் சொன்னார். பிரவீனா நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். மூன்றில் ஒன்றுகூட எங்கள் பட்டியலில் இல்லை.